நாலு விரல் இடைவெளி

ஆனி மாத முகூர்த்தத்துக்குச் சாமான் வாங்க நாகர்கோவிலிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. அக்கா, அத்தான், மருமகன், அவன் தங்கை, ஒரு சிறிய கார். திருவனந்தபுரத்தில் பெருமழை. கிழக்கே கோட்டையில் தொடங்கி கிள்ளிப்பாலத்தில் முடிகிற சாலைக்கடைத் தெரு, மழை நாளில் தெருவாக இருப்பதில்லை, ஓடையாகிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் இந்தச் சந்தையை அமைத்தபோது, தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்து வரும் மாட்டு வண்டிகளை மனத்தில் வைத்திருப்பார். மருமகனின் காரை நிச்சயம் வைத்திருக்க மாட்டார்.

அந்தக் கார் தரையோடு தரையாகக் கிடந்தது. ஆறு மாதத்துக்கு முன்பு அவன் அதைத் 'தாழ்த்தி'யிருந்தான். காரணத்தை அப்போதே எனக்குச் செய்து காட்டினான். டயரின் மேல் விளிம்புக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை நுழைத்து, "பாருங்க மாமா, நாலு விரல் போகுது. பாக்க ஜீப் மாதிரி இருக்கு. ஒரு விரல்தான் போகணும், அதுதான் அழகு" என்றான். ஊரில் ஒரு பட்டறையில் சுருள்வில்களில் ஒன்றரைச் சுற்றை வெட்டி எடுத்துவிட்டார்கள். கார் 50 மி.மீ. இறங்கியது. அன்றைக்கே வீல் அலைன்மென்ட்டும் பார்த்து, கலர் அச்சில் ஒரு தாளும் கொடுத்தார்கள். அதை அவன் பரீட்சை மார்க் போல மடித்துக் காரிலேயே வைத்திருந்தான்.

பாத்திரக்கடை வேலை முடிந்தது. எழுத்தாளர் ஆ. மாதவன் பல பத்தாண்டுகள் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே கதை எழுதிய தெரு இது. இங்கே பாத்திரம் வாங்காமல் எங்கள் வீட்டில் கல்யாணம் நடந்ததில்லை. டிக்கியில் குத்துவிளக்கும் அண்டாவும் ஏறின. கிள்ளிப்பாலம் வருவதற்குள் கார் நீரில் ஒருமுறை வழுக்கி, ஸ்டியரிங் தானாக இடது பக்கம் இழுத்தது. பக்கத்திலிருந்த டயர் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் தென்காசிப் பக்கத்துக்காரர். நாற்பது வருடமாகத் திருவனந்தபுரவாசி. மலையாளிகளுக்கு அவர் சேட்டன், எங்களுக்கு அண்ணாச்சி.

முன் சக்கரத்தைக் கழற்றித் தரையில் உருட்டி, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வெளிப்பக்கத்தில் ரப்பர் ஐந்து மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் பள்ளமாக, நேற்று வாங்கியது போல இருந்தது. உள்விளிம்பில் ரப்பரே இல்லை. அதற்கு அடியிலிருந்த கம்பி வெளியே தெரிந்தது. கார் டயரில் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது விதி. இங்கே குறைவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

"வெளிய பாத்தா புதுப் பொண்ணு மாதிரி இருக்கு சார். உள்ள பாருங்க. இதுலயா நாலு ஜீவனை உக்கார வச்சு மழையில கூட்டிட்டு வந்தீங்க?"

மருமகன் தாளை எடுத்து நீட்டினான். "அலைன்மென்ட் எல்லாம் பாத்தாச்சு அண்ணாச்சி."

அதுதான் இந்த வாரத்து விஷயம். அலைன்மென்ட் பார்த்த கார் எப்படி டயரைத் தின்றது?

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. ஒரு விஷயம் பிடிபடவில்லையென்றால் அதன் சொற்களை முதலில் தமிழில் வைத்துப் பார்ப்பது வழக்கம். சஸ்பென்ஷன் என்பதற்கு அகராதிகள் 'தொங்கல் அமைப்பு' என்கின்றன. அதைவிட நல்ல சொல் நம் மாட்டு வண்டியிலேயே இருக்கிறது. அச்சின்மேல் நேராகப் பலகை வைத்தால் அது கட்டை வண்டி. நடுவில் எஃகுப் பட்டைகளை வளைத்து வைத்தால் வில் வண்டி. மலையாளத்திலும் அதே சொல்தான். 1893-இல் வெங்ஙானூர் அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச் சாலைகளில் வண்டி ஓட்டிப் போனபோது தேர்ந்தெடுத்தது வில்வண்டியைத்தான். கேரள வரலாறு அந்தப் பயணத்தை அந்த வண்டியின் பெயராலேயே சொல்கிறது. வில் வைத்த வண்டியில் போவது அன்று கௌரவத்தின் அடையாளம்.

காரில் பட்டைவில்லுக்குப் பதிலாகச் சுருள்வில். வில்லின் வேலை இரண்டு. உட்கார்ந்திருப்பவரைக் குலுக்காமல் காப்பது ஒன்று. பள்ளம் மேட்டில் சக்கரத்தைத் தரையோடு ஒட்டிப் பிடித்து வைப்பது இன்னொன்று. முதலாவது சுகம், இரண்டாவது உயிர். பிரேக்கும் ஸ்டியரிங்கும் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும், தரையைத் தொடுவது டயர்தான். ஒவ்வொரு டயரும் தொடுகிற இடம் உள்ளங்கை அகலம்தான்.

அந்த உள்ளங்கை எப்படிப் பதிய வேண்டும் என்பதை மூன்று கோணங்கள் தீர்மானிக்கின்றன. பட்டறைகளில் கேம்பர், கேஸ்டர், டோ என்பார்கள்.

காரை முன்னாலிருந்து பாருங்கள். சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, தலையை உள்ளே சாய்த்திருக்கிறதா, வெளியே சாய்த்திருக்கிறதா? இதுதான் கேம்பர், சாய்வு எனலாம். பக்கவாட்டில் பாருங்கள். சைக்கிளின் முன் கவை கொஞ்சம் பின்னோக்கிப் படுத்திருக்கும் அல்லவா? கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதில் அதற்கும் பங்குண்டு. காரிலும் சக்கரம் திரும்புகிற அச்சுக்கு அப்படி ஒரு பின்சாய்வு உண்டு. அது கேஸ்டர். மூன்றாவதை மேலிருந்து பார்க்க வேண்டும். இரண்டு சக்கரங்களும் இணையாக இருக்கின்றனவா, அல்லது சிலர் நிற்கும்போது கால் பெருவிரல்கள் உள்ளே பார்ப்பது போலவோ வெளியே பார்ப்பது போலவோ திரும்பியிருக்கின்றனவா? இது டோ. சொல்லுக்கு நேர்ப்பொருளே கால்விரல்தான். மருமகன் கைவிரலால் அளந்தான், கெட்டது கால்விரல்.

எப்படிக் கெட்டது? நம் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ள் மெக்ஃபெர்சன் 1940-களில் வகுத்த எளிய, மலிவான ஏற்பாடு. மேலே வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரு தூண். கீழே சக்கரத்தைப் பிடிக்கும் ஒரு கை. கார் மேலும் கீழும் ஆடும்போது அந்தக் கை, கதவு கீலில் ஆடுவது போல வட்டத்தில் ஆடுகிறது. சக்கரத்தைத் திருப்புவதற்கு இன்னொரு சிறு கம்பி உண்டு, டை ராடு. அதுவும் தன் வட்டத்தில் ஆடுகிறது. தொழிற்சாலையில் இந்த இரண்டு வட்டங்களையும் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் ஒத்துப்போகும்படி கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். காரை 50 மி.மீ. இறக்கினால் இரண்டு கம்பிகளும் வட்டத்தின் வேறு இடத்துக்குப் போய்விடும். அங்கே அவை ஒத்துப்போவதில்லை. சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது, விரல் திரும்புகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு என்பது காருக்குக் கார் மாறும். அதைவிட மோசம், மேடு பள்ளத்தில் கார் ஆடும்போதெல்லாம் விரல் மாறி மாறித் திரும்புகிறது. ஸ்டியரிங்கை நாம் அசைக்காமலேயே கார் திசை மாறப் பார்க்கும்.

அண்ணாச்சி காரை இயந்திரத்தில் ஏற்றினார். இடது முன் சக்கரம் இரண்டேகால் டிகிரி உள்ளே சாய்ந்திருந்தது. ஒவ்வொரு முன் சக்கரத்தின் விரலும் அரை டிகிரி வெளியே பார்த்தது. அரை டிகிரி என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் அரை டிகிரி திரும்பிய சக்கரம், நேராக உருண்டுகொண்டே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. இது எட்டாம் வகுப்பு முக்கோணக் கணக்கு. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 70 கி.மீ. ஒரு தடவை வருவதற்குள் அந்த டயரை 600 மீட்டருக்கு மேல் தார்ச்சாலையில் அழிரப்பர் போலத் தேய்த்திருக்கிறோம். சக்கரம் உள்ளே சாய்ந்திருந்ததால் தேய்ப்பு முழுதும் உள்விளிம்பில் விழுந்தது. கேம்பர் மட்டும் கெட்டால் டயர் மெதுவாகத் தேயும். டோவும் சேர்ந்து கெட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

அப்படியானால் அந்தத் தாள்? விரித்துப் பார்த்தோம். டோ பச்சையில் இருந்தது. கேம்பர் சிவப்பில் இருந்தது. பட்டறைக்காரர் பச்சையைக் காட்டியிருக்கிறார். சிவப்பைப் பற்றிப் பேசவில்லை. இவனும் கேட்கவில்லை.

பல கார்களில் கேம்பரை மாற்ற வழியே வைத்திருக்க மாட்டார்கள். முன்பக்கம் டோவை மட்டும்தான் திருகி மாற்றலாம். பின்பக்கம் ஒரே முறுக்குச் சட்டமாக இருக்கும் கார்களில் அதுகூட இல்லை. கேம்பரைச் சரிசெய்ய வேண்டுமென்றால் அதற்கென்று தனி போல்ட்டோ மேல் மவுண்டோ வாங்கிப் போட வேண்டும். இயந்திரம் அளக்கும், எல்லாவற்றையும் அதனால் திருத்த முடியாது. ஜுரமானியை வைத்தால் ஜுரம் இறங்கிவிடாது.

பச்சையில் இருந்த டோ ஏன் பிறகு கெட்டது என்று கேட்டேன். "வெட்டுன வில்லு அன்னைக்கே ஒக்காராது சார். பத்து நாள் ஓடுனா இன்னும் கொஞ்சம் எறங்கும். அன்னைக்குப் பாத்த அலைன்மென்ட் அன்னைக்குத்தான்" என்றார். அலைன்மென்ட் என்பது ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கான அளவு. உயரம் மாறினால் அளவும் மாறும். தையற்காரரிடம் அளவு கொடுத்துவிட்டு இளைத்தவனின் கதைதான்.

வெட்டிய வில்லுக்கு வேறு குணங்களும் உண்டு. சுற்றுகள் குறையக் குறைய வில் விறைக்கும். ஆறு சுற்று வேலை செய்யும் வில்லில் ஒன்றை வெட்டினால், மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு அதிக விறைப்பாகிவிடும். பழைய ஷாக் அப்சார்பர் இந்தப் புது விறைப்புக்காகச் செய்ததல்ல. அதனால் அடக்க முடியாது. வெட்டிய முனை தன் தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் ஒரு குழியில் தொங்கினால் வில் இடம் பெயரலாம். வெட்டுவதற்குப் பதில் கேஸ் விளக்கால் சூடுகாட்டி வில்லைத் தாழ்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது எஃகின் பதத்தையே எடுத்துவிடும்.

எல்லாவற்றையும் விட, சக்கரம் மேலே போவதற்கான இடம் போய்விடுகிறது. மருமகன் அசிங்கம் என்று சொன்ன நாலு விரல் இடைவெளி அந்த இடத்தின் வெளித்தோற்றம்தான். அது குறைந்தால் சிறு குழியிலும் வில் தன் எல்லையைத் தொட்டு, முட்டு ரப்பரில் இடிக்கும். வளைவில் அப்படி இடித்தால் அந்தக் கணத்தில் வில்லே இல்லாத கார். வேகமாகப் போகும் கட்டை வண்டி.

'கார் தாழ்ந்தால் வளைவில் சாயாது, பிடிமானம் கூடும்' என்பது இளைஞர்களின் நம்பிக்கை. பாதி உண்மை. எடையின் மையம் இறங்குவது நல்லதுதான். ஆனால் மெக்ஃபெர்சன் அமைப்பில், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி அதைவிட வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் கூடும்; நெம்புகோல் நீளும். விறைப்பான வில்லையும் மாற்றிய கைகளையும் போடாவிட்டால் தாழ்ந்த கார் முன்னைவிட அதிகமாகவே சாயலாம்.

தரைக் கணக்கையும் பார்த்துவிடலாம். நம் சிறிய கார்களின் வயிற்றுக்கும் தரைக்கும் பொதுவாக 160, 170 மி.மீ. இடைவெளி. அதில் 50 போனால் 110, 120. நாலு பேரும் அண்டாவும் ஏறினால் இன்னும் 30, 40 போகும். மிச்சம் 80. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வேகத்தடையின் உயரம் 100 மி.மீ., அகலம் 3.7 மீட்டர். அவ்வளவு அகலமாக, மெதுவாக ஏறி இறங்கும் மேட்டை இந்தக் காரும் தாண்டிவிடும். ஆனால் நம் தெருக்களில் அப்படிப்பட்ட மேட்டை எங்கே பார்த்தோம்? ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக எழுப்பிய மேடுகள்தான் அதிகம். அவற்றில் 80 மி.மீ. கார் வயிற்றைத் தேய்த்துத்தான் போகும்.

அப்படியானால் காரைத் தாழ்த்துவதே பாவமா? இல்லை. பந்தயக் கார்கள் அத்தனையும் தாழ்ந்தவைதான். மாருதி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியவர் கோயம்புத்தூரின் கரிவரதன். 1995-இல் அவர் மறைந்தார்; செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. அதே ஊரின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். 1990-இலிருந்து இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. ஆனால் அந்தத் தடங்களில் குழியும் இல்லை, வேகத்தடையும் இல்லை, டிக்கியில் அண்டாவும் இல்லை. பந்தயக் காரின் உயரத்தை மாற்றினால் நாலு சக்கரத்தின் கோணங்களையும் மறுபடி அளக்காமல் தடத்தில் இறக்க மாட்டார்கள். தாழ்த்துவது அங்கே வேலையின் தொடக்கம். நம் பட்டறைகளில் அதுவே முடிவு.

முறையாகச் செய்கிறவர்கள் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். வில்லை வெட்டுவதில்லை, அந்தக் காருக்கென்றே செய்த குறைந்த உயர வில்லையும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரையும் ஜோடியாகப் போடுகிறார்கள். கைகளின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, கார் தன் காலில் நின்ற பிறகே இறுக்குகிறார்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும். சில நாள் ஓட்டி வில்லை உட்காரவிடுகிறார்கள். பிறகு காற்றழுத்தம், பால் ஜாயின்ட், டை ராடு ஆட்டம் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அலைன்மென்ட். முதலில் பின் சக்கரம், அப்புறம் முன் சக்கரம். முன்பக்கத்தில் கேஸ்டர், கேம்பர், கடைசியாக டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால் இந்த வரிசையைத் திருப்பக் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனமும் இந்த மாற்றத்தைக் கேள்வி கேட்கும்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது அக்கா கடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதமாக அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: காரில் போய்வந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, பின்னால் உட்கார்ந்தால் தூக்கிப் போடுகிறது. வயசாச்சும்மா என்றான் மகன். டாக்டரைப் பார் என்றார் அத்தான். நானும் தொலைபேசியில் ஏதோ தைலம் சொன்னேன்.

அவள் அண்ணாச்சியிடம் கேட்டாள்: "டயரு இப்படித் தேஞ்சது ஓட்டுதவனுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. உள்பக்கம்லா. பின்னால உக்காந்து வாறவங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். தூக்கித் தூக்கிப் போட்டிருக்குமே?"

அக்கா மகனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய இடுப்பு அந்த இயந்திரத்துக்கு ஆறு மாதம் முன்பே சிவப்பு காட்டியிருக்கிறது. படிக்க ஆளில்லை.

அன்று இரண்டு புது டயர்கள் வாங்கி, அந்த உயரத்துக்கு முடிந்த அளவு டோவை வைத்து, மெதுவாக ஊருக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து அவன் தனியாக வந்தான். கம்பெனி வில்கள் நாலும் புதிதாக வாங்கி வந்திருந்தான். வெட்டியதை ஒட்ட முடியாது. மாட்டி, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி வந்து அலைன்மென்ட் பார்த்தான். இயந்திரம் எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டியது. அண்ணாச்சி அதோடு விடவில்லை. பழைய பழக்கத்தில், காரின் இரு பக்கமும் பின்னாலிருந்து முன்னாலாக நூலை இழுத்துக் கட்டி, குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். 'நூல் பிடித்தாற்போல்' என்று நாம் பேச்சில் சொல்வதை ஒருவர் நிஜமாகவே செய்வதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு மருமகனைக் கூப்பிட்டு, டயரின் குறுக்கே உள்ளங்கையை வைத்து உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் தடவச் சொன்னார். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது என்று பொருள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்தால் உள்விளிம்பும் தெரியும். மாதம் ஒருமுறை, காசில்லாத சோதனை. வாசகர்களும் செய்து பார்க்கலாம்.

நாலு விரல் இடைவெளி திரும்பிவிட்டது. மருமகனுக்கு இன்னும் அது அழகாகப் படவில்லை. போன வாரம் அக்கா வந்திருந்தாள். காரிலிருந்து இறங்கியவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை.